கன்டெய்னர் வாடகைக்கு எடுக்கும் முன்: இடம், தரை, ஈரம், கணக்கு

தீபாவளிச் சரக்கு கடைக்கு வந்து சேரும் வாரங்களில் லிட்டில் இந்தியாவின் கடைகளில் மாடிப்படி வரைக்கும் அட்டைப்பெட்டிதான். அலங்காரப் பந்தல் போடும் நிறுவனத்துக்கும், வீடு புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரருக்கும், இடம் மாறும் அச்சகத்துக்கும் இதே நெருக்கடி வேறு வேறு மாதங்களில் வரும். "ஒரு கன்டெய்னர் எடுத்துப் போட்டுவிடலாம்" என்பது அப்போது எளிதாகத் தோன்றும். சரக்குக் கப்பலில் வரும் இரும்புப் பெட்டியான கன்டெய்னர் கிடைப்பது உண்மையிலேயே எளிது. அது நிற்கப்போகும் தரையும் சிங்கப்பூரின் காற்றில் இருக்கும் ஈரமும்தான் பணத்தைத் தின்பவை. அதனால் விலை விசாரிக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

எங்கே நிற்கும்?

வழி இரண்டு. வாடகை நிறுவனத்தின் யார்டிலேயே கன்டெய்னர் நிற்கும், நீங்கள் போய்ச் சரக்கை வைத்து எடுப்பீர்கள். அல்லது கன்டெய்னர் உங்கள் இடத்துக்கு வரும். சிராங்கூன் சாலையிலோ தஞ்சோங் பகாரிலோ கடைவீடு வைத்திருப்பவருக்கு இரண்டாவது வழி பெரும்பாலும் கிடையாது. ஐந்தடி நடைபாதை, பின்சந்து, எதிரே இருக்கும் புல்தரை எதுவுமே உங்கள் இடம் ஆகாது. அரசு நிலத்தில் எதை வைப்பதானாலும் சிங்கப்பூர் நில ஆணையத்தின் தற்காலிகப் பயன்பாட்டு உரிமம் (Temporary Occupation Licence) வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

சுங்கை காடுட், துவாஸ், செனோக்கோ பக்கம் சொந்த வளாகம் உள்ள தொழிற்கூடம் என்றால் வாய்ப்பு உண்டு. ஆனாலும் நிலம் தொழிற்பேட்டைகளை நிர்வகிக்கும் அரசு அமைப்பான ஜேடிசியிடம் குத்தகைக்கு எடுத்ததாக இருந்தால், திறந்தவெளியில் கன்டெய்னர் வைக்க முதலில் அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். எத்தனை கன்டெய்னர், எத்தனை மாதம், எந்த இடம் என்று வளாக வரைபடத்தில் குறித்து அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டட, கட்டுமான ஆணையம் இரண்டின் அனுமதியும் தேவையா என்பதை அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். "பக்கத்து யூனிட்காரர் வைத்திருக்கிறாரே" என்பது அனுமதி ஆகாது. அவர் குத்தகை வேறு, உங்கள் குத்தகை வேறு.

தீயணைப்பு வண்டிப் பாதை என்று குறித்திருக்கும் இடம், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், அவசர வெளியேறும் கதவு இவற்றின் முன்னால் ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. குடிமைத் தற்காப்புப் படை சோதனைக்கு வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் ஊழியர்கள் தப்பிக்கும் வழியும் அதுதான்.

அளவு

20 அடி கன்டெய்னரின் வெளி நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர். உள்ளே கிடைப்பது சுமார் 5.90 நீளம், 2.35 அகலம், 2.39 உயரம், ஏறக்குறைய 33 கன மீட்டர். கதவு வாயின் உயரம் உள் உயரத்தைவிடக் குறைவு, சுமார் 2.28 மீட்டர்தான். உயரமான ஷெல்ஃப், பந்தல் தூண், குளிர்பெட்டி போன்றவற்றைக் கொண்டுபோகிறவர்கள் இந்தப் பத்து சென்டிமீட்டரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 40 அடியின் வெளி நீளம் 12.19 மீட்டர், கொள்ளளவு சுமார் 67 கன மீட்டர். ஹை கியூப் என்பது 30 சென்டிமீட்டர் கூடுதல் உயரம்.

33 கன மீட்டரும் உங்களுக்குக் கிடைக்காது. 60×40×40 சென்டிமீட்டர் பெட்டிகளை ஐந்து அடுக்காக, வழியே விடாமல் அடைத்தால் 20 அடியில் சுமார் 250 பெட்டி வரும். ஆனால் கடைசியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் முன்னால் உள்ள அனைத்தையும் இறக்க வேண்டும். ஒரு பக்கச் சுவரை ஒட்டி இரண்டு பெட்டி ஆழத்துக்கு அடுக்கி, மறுபக்கம் நடக்க வழி விட்டால் 140 பெட்டிதான். பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) கணக்கும் இப்படித்தான்: 1.2×1.0 மீட்டர் பேலட் நெருக்கி வைத்தால் 10, ஒரே வரிசையாக வைத்து 1.15 மீட்டர் வழி விட்டால் 5. வாரம் ஒருமுறையாவது திறப்பீர்கள் என்றால் வழி விட்ட கணக்கை வைத்தே எத்தனை கன்டெய்னர் என்று முடிவு செய்யுங்கள்.

ஒரு 40 அடியா, இரண்டு 20 அடியா? சொந்த இடத்தில் வைப்பதானால் இரண்டு 20 அடி நல்லது. சிறிய லாரி கிரேனே (கிரேன் பொருத்திய லாரி) கொண்டுவந்து இறக்கும், சீசன் முடிந்ததும் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பலாம். 40 அடியை இழுத்து வரும் பிரைம் மூவரும் (இழுவை லாரி) டிரெய்லரும் சேர்ந்தால் 16 மீட்டர் நீளம் வரும். அது திரும்புவதற்கு இடமுள்ள வளாகம் குறைவு.

லாரி உள்ளே வருமா?

கன்டெய்னர் ஏற்றிய லாரியின் உயரம் ஏறக்குறைய 3.8 மீட்டர். நுழைவாயிலில் தொங்கும் உயரப் பலகை 4 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். உள்ளே வந்த பிறகு, கிரேன் கை கன்டெய்னரைத் தூக்கும்போது தரையிலிருந்து 7 மீட்டர் வரை மேலே தடையில்லாமல் இருக்க வேண்டும். கூரை நீட்சி, மழை மறைப்பு, மரக்கிளை, மின்விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

லாரி கிரேன் தூக்கும்போது பக்கவாட்டில் கால்களை நீட்டி ஊன்றும். ஊன்றும் இடம் சாக்கடை மூடி, நடைபாதைக் கல், அடித்தளக் கார் நிறுத்துமிடத்தின் கூரைத் தளம் ஆகியவற்றின் மேலே இருந்தால் தளம் உடையும், லாரி சாயும். காலுக்கு அடியில் தடித்த பலகையோ எஃகுத் தகடோ கட்டாயம் வைக்க வேண்டும். தூரமும் முக்கியம். கிரேன் கை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குத் தூக்கும் திறன் குறையும். 20 அடி காலிக் கன்டெய்னரே 2.2 முதல் 2.3 டன். "அந்த மதில் ஓரமாக வையுங்கள்" என்று நீங்கள் காட்டும் இடம் லாரியிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருந்தால் சில கிரேன்களால் முடியாது. எத்தனை மீட்டர் என்று டேப்பில் அளந்து முன்கூட்டியே சொல்லுங்கள். அளக்காமல் விட்டால், வந்த லாரி திரும்பிப் போகும்; போக்குவரத்துக் கட்டணம் இரண்டு முறை விழும்.

கிரேனுக்கும், அதன் ஸ்லிங் (தூக்கும் பட்டை), ஷாக்கிள் (இணைப்பு வளையம்), சங்கிலிக்கும் 12 மாதத்துக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரின் சான்றிதழ் இருக்க வேண்டும். அதன் நகலையும் லிஃப்டிங் பிளானையும் (தூக்கும் வேலைத் திட்டம்) முதல் நாளே கேட்டு வாங்குங்கள். இறக்கும் நேரத்தில் உங்கள் ஆட்கள் யாரும் கன்டெய்னரைக் கையால் பிடித்துத் திருப்பப் போகக் கூடாது. அதற்குக் கயிறு கட்டுவார்கள்.

தரையும் நான்கு மூலையும்

கன்டெய்னரின் எடை முழுவதும் நான்கு மூலை இரும்புக் கட்டிகளில்தான் இறங்குகிறது. ஒவ்வொன்றின் அடிப்பரப்பும் சுமார் 18×16 சென்டிமீட்டர். சரக்கோடு 10 டன் என்று வைத்தால் உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுள்ள இடத்தில் 2.5 டன் அழுத்துகிறது. கான்கிரீட் தாங்கும். தார்த்தரை வெயிலில் இளகி, இரண்டே மாதத்தில் மூலை உள்ளே புதையும். புல்தரை முதல் பெருமழையிலேயே விட்டுக்கொடுக்கும்.

ஒவ்வொரு மூலைக்கும் கீழே 30×30 சென்டிமீட்டருக்குக் குறையாத தகடோ கெட்டி மரக்கட்டையோ வைத்து, கன்டெய்னரைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். அடியில் காற்று ஓடும், தண்ணீர் தேங்காது, எலி கூடு கட்டினால் கண்ணுக்குத் தெரியும். கட்டையை நடுப்பகுதியில் வைப்பது தவறு. மூலையில்தான் வைக்க வேண்டும்.

இறக்கியவுடன், லாரி போகும் முன், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். வலப்பக்கக் கதவுதான் முதலில் திறக்கும். கைப்பிடியைத் தூக்கிச் சுழற்றும்போது மேலும் கீழும் உள்ள கொக்கிகள் அவற்றின் பிடிகளில் தானாக உட்கார வேண்டும். தோளால் முட்டித் தள்ளினால்தான் மூடுகிறது என்றால் பெரும்பாலும் கதவில் பழுது இருக்காது. ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது, அதனால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்தால் ஒன்று நீளமாக இருக்கும். தாழ்ந்த மூலையை ஜாக்கியால் தூக்கி 5 அல்லது 10 மில்லிமீட்டர் தகடு சொருகினால் கதவு ஒரு கையால் மூடும். லாரி போன பிறகு இதைக் கண்டுபிடித்தால் இன்னொரு நாள், இன்னொரு கட்டணம். கதவைச் சுத்தியலால் அடித்து மூடிப் பழகினால் ரப்பர் வளையம் கிழியும், அங்கிருந்து மழை உள்ளே வரும்.

உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள்

கையெழுத்துப் போடும் முன் கன்டெய்னரை நேரில் பார்க்க வேண்டும். வெளிப் பெயின்ட் உங்களுக்கு எதையும் சொல்லாது. பகல் வெயிலில் உள்ளே போய், வெளியே ஒருவரை நிற்கவைத்துவிட்டு, இரண்டு கதவையும் சாத்தச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் நட்சத்திரம் போல மின்னும். முதலில் கூரை, பிறகு கூரையும் பக்கச் சுவரும் சேரும் மடிப்பு, கடைசியாகக் கதவின் அடிப்பகுதி. ஒட்டுப்போட்ட இடங்களை விரல் நகத்தால் கீறுங்கள். வெல்டிங் செய்யாமல் வெறும் சிலிக்கான் பூசியிருந்தால் பெயர்ந்து வரும், இந்த ஊர் வெயிலுக்கு அது ஓராண்டு தாங்காது.

கதவு சாத்தியிருக்கும்போதே மூச்சை இழுத்துப் பாருங்கள். தோல், ரசாயனம், மீன் வாடை இருந்தால் அந்தக் கன்டெய்னரை விட்டுவிடுங்கள். துணிக்கு ஏறிய வாடை துவைத்தாலும் போகாது. தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட். அதில் எண்ணெய்க் கறை இருந்தால் அட்டைப்பெட்டி உறிஞ்சிக்கொள்ளும். நடக்கும்போது அமுங்கும் இடம் இருந்தால் அடியில் உள்ள எஃகுக் குறுக்குச் சட்டம் துருப்பிடித்துப்போயிருக்கலாம். குனிந்து அடியையும் பாருங்கள்.

விலைப்பட்டியலில் "கார்கோ வொர்த்தி", "விண்ட் அண்ட் வாட்டர் டைட்", "ஆஸ் இஸ்" என்று தரம் போட்டிருப்பார்கள். முதலாவது கப்பலில் ஏற்றத் தகுந்தது, இரண்டாவது காற்றும் மழையும் புகாதது, மூன்றாவது எந்த உறுதியும் இல்லாதது. சேமிப்புக்கு இரண்டாவது போதும். மூன்றாவதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

கூரை வியர்ப்பது

மழையே உள்ளே வராத நல்ல கன்டெய்னரிலும் சரக்கு நனையும். காரணம் இது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வெயிலில் கூரை இரும்பு கொதிக்கும்போது அட்டைப்பெட்டி, மரப் பேலட், பிளைவுட் தரை எல்லாம் தங்களுக்குள் இருக்கும் ஈரத்தைக் காற்றில் விடுகின்றன. பிற்பகலில் இடியோடு மழை அடித்தால் கூரை சில நிமிடங்களில் குளிர்ந்துபோகும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் நீர்த்துளியாகி, மேல் அடுக்குப் பெட்டிகள் மேல் சொட்டும். மேல் பெட்டியின் மூடியில் வட்ட வட்டமான கறை தெரிந்தால் அது கூரை ஓட்டையால் வந்ததில்லை, வியர்வையால் வந்தது. ஓட்டை என்றால் கறை ஓரிடத்தில் நீளமாக ஓடியிருக்கும்.

செய்ய வேண்டியது கன்டெய்னரை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதக்கணக்கில் பூட்டியே இருக்கும் என்றால் சுவரின் மேல்பக்கம் உள்ள சிறு காற்றுத் துளைகளை உள்ளிருந்து டேப் போட்டு அடைத்து, கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். 20 அடிக்கு ஒரு கிலோ பை ஆறு முதல் எட்டு வரை வைத்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பை கனத்து, உள்ளே கூழாகியிருந்தால் மாற்றுங்கள். தினமும் திறந்து மூடுகிற கன்டெய்னரில் இந்தப் பை காசைக் கரைக்கும், வேறு பயன் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புது ஈரம் வந்துவிடும். அங்கே துளைகளைத் திறந்துவைத்து, காலையில் வெயில் ஏறிய பிறகு அரை மணி நேரம் கதவைத் திறந்துபோடுவதுதான் உதவும். மழை பெய்யும்போது திறக்காதீர்கள்.

இரண்டுக்கும் பொதுவாக: சரக்கைப் பிளாஸ்டிக் பேலட்டில் வையுங்கள், சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, கூரைக்கும் மேல் பெட்டிக்கும் இடையே 30 சென்டிமீட்டர் விட்டு. மேல் அடுக்கின்மேல் மட்டும் ஓர் அட்டை விரிப்போ பழைய போர்வையோ போடுங்கள். பிளாஸ்டிக் தாளால் பேலட்டைச் சுற்றிலும் அடியோடு கட்டிவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிப் பூஞ்சை பிடிக்கும். கூரையின் மேல் தார்ப்பாய் போட்டு மூடும் பழக்கம் இன்னொரு தொல்லை. அதன் மடிப்பில் தண்ணீர் தேங்கும். 20 காசு நாணய அளவு தண்ணீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும், ஒரு வாரத்தில் புழு கொசுவாகிவிடும். கூரையில் பள்ளம் இருந்தால் அதிலும் இதே நடக்கும். பள்ளமான கூரையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

எதை வைக்கக் கூடாது?

அரிசி, பருப்பு, மசாலா, வெல்லம், அப்பளம் வேண்டாம். உள்ளே வெப்பம் வெளியைவிட வெகுவாக ஏறும், வண்டு வைக்கும், எலி வரும். பட்டுப் புடவையும் ஜரிகையும் கறுக்கும். அவற்றுக்கு ஏர்கான் உள்ள உள்ளறைச் சேமிப்பகத்தை எடுப்பதே சரி. பித்தளைக் குத்துவிளக்கு வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் உலர்ந்த காகிதத்தில் சுற்றி, சிறு உறிஞ்சுபையோடு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில். கற்பூரம் தீப்பிடிக்கும் பொருள். தானாக ஆவியாகிக் கன்டெய்னர் முழுவதையும் மணக்கவைக்கும். ஊதுபத்தியையும் துணியையும் ஒரே கன்டெய்னரில் வைத்தால் துணி போச்சு. தின்னர், பெயின்ட், ஸ்பிரே டப்பா, கேஸ் சிலிண்டர், லித்தியம் பேட்டரி எதுவும் கூடாது. பெட்ரோலிய, தீப்பற்றும் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமிக்கக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் தேவை. கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் வரிக்காக ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் பலர் கன்டெய்னரில் தள்ளிவிடுகிறார்கள். ஓராண்டில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் செய்துவிட்டு, மூலத்தை அலுவலகத்திலேயே வையுங்கள்.

ஒன்றை ஊழியர்கள் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். கன்டெய்னர் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. உள்ளே ஒருவர் இருக்கும்போது வேறொருவர் பூட்டிவிட்டால் அந்த வெப்பத்தில் உயிருக்கே ஆபத்து. திறந்தவுடன் பூட்டைக் கதவின் கம்பியிலேயே மாட்டிப் பூட்டிவைத்து, சாவியை உள்ளே போகிறவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தனியாக யாரும் உள்ளே வேலை செய்யக் கூடாது.

கணக்கும் ஒப்பந்தமும்

மாத வாடகையை மட்டும் வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். கணக்குக்காக வாடகை மாதம் 250 வெள்ளி, கொண்டுவர 300, எடுத்துப்போக 300 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 1,350. பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்தால் 1,471.50. அதாவது மாதம் 490.50 வெள்ளி. அதையே பன்னிரண்டு மாதம் வைத்திருந்தால் மாதம் 327 ஆகிறது. குறுகிய காலத்துக்கு எடுக்கும்போது போக்குவரத்துச் செலவும் வாடகைக்கு நெருங்கி வந்துவிடும். அங்கே பேரம் பேசுங்கள். மூன்று மாதத்துக்கும் குறைவு என்றால் யார்டிலேயே வைப்பது பெரும்பாலும் மலிவு.

யார்டில் வைப்பதானால் மூன்று கேள்வி கேளுங்கள். என் கன்டெய்னர் தரையில் நிற்குமா, மற்றொன்றின் மேலா? மேலே இருந்தால் ஒவ்வொரு முறை இறக்குவதற்கும் கட்டணம் போடுவார்கள். ஞாயிறும் சீனப் புத்தாண்டு நாள்களிலும் திறந்திருக்குமா? என் லாரி உள்ளே வர நுழைவுக் கட்டணம் உண்டா?

ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம், வைப்புத்தொகை எப்போது திரும்பும், முன்னறிவிப்பு எத்தனை நாள், ஒழுகினால் எத்தனை நாளில் மாற்றுக் கன்டெய்னர், வாடகை தாமதமானால் சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை உண்டா ஆகிய ஐந்தையும் தேடிப் படியுங்கள். "ஒழுகினால் மாற்றித் தருவோம்" என்று வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

காப்புறுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாடகை நிறுவனத்தின் காப்புறுதி அவர்கள் கன்டெய்னருக்கு. உங்கள் சரக்குக்குக் கிடையாது. உங்கள் கடைக் காப்புறுதி அதில் எழுதியிருக்கும் முகவரிக்கு மட்டும். கன்டெய்னர் நிற்கும் முகவரியையும் சரக்கு மதிப்பையும் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததற்கான தாள் கைக்கு வந்த பிறகே சரக்கை ஏற்றுங்கள். ஈரத்தாலும் பூஞ்சையாலும் வரும் சேதத்தைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை என்பதால் மேலே சொன்ன உறிஞ்சுபைச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். பூட்டுக்கு, கதவில் வெல்டிங் செய்த பூட்டுப்பெட்டி உள்ள கன்டெய்னராகக் கேளுங்கள். வெறும் கைப்பிடியில் தொங்கும் பூட்டை நீளமான கட்டரால் அறுத்துவிடலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது

முன்னறிவிப்பை எழுத்தில், தேதியோடு கொடுங்கள். சரக்கோடு கன்டெய்னரைத் தூக்க லாரி கிரேனால் முடியாது. எடுக்கும் நாளுக்கு முதல் நாளே காலியாகிவிட வேண்டும். இறக்கியபோது காலியாக இருந்த இடத்தில் இப்போது உங்கள் பேலட்டும் வேனும் நிற்கும், அதையும் அப்புறப்படுத்துங்கள். தீபாவளிக்குப் பிறகு நவம்பர், டிசம்பர் மழையில் தேதிகள் தள்ளிப்போவது வழக்கம், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் லாரி கிடைப்பதே சிரமம். அதனால் இரண்டு வாரம் முன்பே தேதி பிடியுங்கள். கூட்டிப் பெருக்கி, ஒட்டுத்தாள்களைக் கிழித்து, சுவர்கள் மூன்று, தரை, கூரை, கதவு என்று தேதி தெரியும்படி படம் எடுங்கள். கன்டெய்னர் வந்த நாளில் எடுத்த படங்களையும் இவற்றையும் சேர்த்து அனுப்பி, எந்தத் தேதியோடு வாடகை நின்றது என்று ஒரு வரி பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.